கடைசியாக எப்போது போட்டீர்கள்?

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பையன்கள் நிறைய வருகிறார்கள், பெரும்பாலும் டேபென்டடால்தான். போன வாரம் வந்தவன், நண்பன் கொடுத்த புப்ரெனார்பினை (இந்தப் பழக்கத்தை விடுவிக்க நாங்கள் தரும் மருந்து) வீட்டிலேயே போட்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் வாந்தி, பேதி, உடம்பெல்லாம் முறுக்கல். "மருந்து இவனுக்குச் சேரலை, வேண்டாம் டாக்டர்" என்கிறார் அம்மா. இதே வசனத்தை எத்தனை பேரிடம் கேட்பது!

அம்மா, மருந்து சேராமல் போகவில்லை. அவசரப்பட்டுப் போட்டதுதான் வினை. உடம்பில் போதை மருந்து இருக்கும்போதே புப்ரெனார்பின் உள்ளே போனால், உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு சீட்டைப் பிடிக்கிற மாதிரி அதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதன் வேலையில் பாதியைத்தான் செய்யும். அந்தக் குறைதான் இந்த அவஸ்தை. சீக்கிரம் கொடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கடைசியாகப் போட்டது ஹெராயின், சாதாரண டேபென்டடால் என்றால் அதிலிருந்து குறைந்தது 12 மணி நேரம், மெதுவாக மருந்தை வெளிவிடும் எஸ்ஆர் வகை மாத்திரை என்றால் சுமார் 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். உடம்பில் நெடுநேரம் தங்கும் மெத்தடோன் என்றால் இன்னும் கூடுதல், அதிலிருந்து புப்ரெனார்பினுக்கு மாறுவதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். கடிகாரம் மட்டும் போதாது: கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், விரிந்த கண்மணி எல்லாம் நன்றாகத் தெரிந்த பிறகுதான் நாங்கள் தொடங்குவோம். அதுவரை பிள்ளை துடிப்பதைப் பார்ப்பது கஷ்டம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனி மருந்துகள் தருவோம்.

முதலில் 2 முதல் 4 மில்லிகிராம், நாக்குக்கு அடியில். கரையும்வரை பேசக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது. விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே வீணாகிவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்தது. முதல் நாள் பெரும்பாலும் 8 மில்லிகிராமோடு நிறுத்திவிடுவோம்.

தூக்க மாத்திரையும் சாராயமும் கூடவே ஓடுகிறதா? மறைக்காதீர்கள், சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். திட்டமாட்டேன். ஊசி போட்டவர்கள் எச்ஐவி, ஹெபடைடிஸ் பரிசோதனைக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள், அது தனிக் கதை.

அப்புறம், நன்றாக ஆகிவிட்டான் என்று நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் பழைய அளவில் மறுபடி ஊசி போட்டால், பழக்கம் விட்டுப்போன உடம்பு தாங்காது. மாதக் கணக்கிலோ வருடக் கணக்கிலோ தொடர்வது சிகிச்சைதான், இன்னொரு போதை இல்லை.

எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446-க்கு அழையுங்கள், இலவசம். வரும்போது மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள், காலி அட்டை என்றாலும் பரவாயில்லை. "வெள்ளையா, வட்டமா இருக்கும் டாக்டர்" என்பதை வைத்து எனக்கு எதுவும் தெரியாது.