அரைத்த மாவிலிருந்து ஒரு உளுந்து

வங்கிக் கணக்கில் உங்கள் பிறந்த தேதி தவறாக இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். அந்தத் தேதி எந்த அட்டவணையில் இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் திருத்தும் உரிமையை 16ஆம் பிரிவிலும் அழிக்கும் உரிமையை 17ஆம் பிரிவிலும் தருகிறது.

சாட்ஜிபிடி போன்ற செயலிகளை இயக்கும் மொழி மாதிரிக்குள் அப்படி அட்டவணை கிடையாது. ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்க அது பழகுகிறது. கணிப்பு பிசகும்போதெல்லாம் உள்ளிருக்கும் எண்கள் துளித் துளியாக மாற்றப்படுகின்றன. ஜிபிடி-3 என்ற மாதிரியில் அத்தகைய எண்கள் 17,500 கோடி. இணையத்தில் உங்களைப் பற்றி இருந்த ஒரு வரி அவற்றில் எதை எவ்வளவு அசைத்தது என்று பிரித்துச் சொல்வது மிகக் கடினம். அரைத்த மாவிலிருந்து ஒரு உளுந்தை மட்டும் எடுத்துத் தரச் சொல்வதைப் போன்றது அது.

அப்படியானால் மாதிரிக்குள் தனிநபர் தரவே இல்லை என்று ஒரு வாதம் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையர் 2024 ஜூலையில் அந்தப் பக்கம்தான் நின்றார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. மாவில் அரைபடாத முழு உளுந்தும் கிடக்கும்! 2020இல் ஆய்வாளர்கள் சிலர் ஜிபிடி-2 மாதிரியைத் தூண்டி, அது படித்த 600க்கும் மேற்பட்ட பகுதிகளை அப்படியே ஒப்பிக்க வைத்தார்கள். உண்மையான மனிதர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் அதில் இருந்தன. ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாகச் சோதித்தே முடிவு செய்ய வேண்டும் என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2024 டிசம்பரில் சொன்னது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

ஒப்பிப்பதைவிடக் கொடுமை, இட்டுக்கட்டுவது. நார்வேயில் ஒருவர் தன்னைப் பற்றிக் கேட்டபோது, பெற்ற பிள்ளைகளைக் கொன்றவர் என்று சாட்ஜிபிடி பதில் சொன்னது. அவர் ஊரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் பாலினமும் மட்டும் சரி. 2025 மார்ச்சில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் போனது. இங்கே திருத்துவதற்கென்று பதிவு எதுவும் இல்லை. அந்தப் பொய் கேட்ட கணத்தில் பிறந்தது. நிறுவனங்கள் பெரும்பாலும் வாசலில் ஒரு வடிகட்டியை வைத்துக் குறிப்பிட்ட பெயர்களுக்குப் பதில் வராமல் தடுக்கின்றன. உள்ளே மாவு மாறுவதில்லை. மாற்ற வேண்டுமென்றால் அந்தத் தரவை நீக்கிவிட்டுப் புதிதாகப் பயிற்றுவிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. பயின்றதை மறக்கடிக்கும் உத்திகள் இன்னும் ஆய்வு நிலையில் இருக்கின்றன.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. ஒருவர் தானே பொதுவெளியில் வெளியிட்ட தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது. முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி உங்கள் ஊரையும் பிறந்த நாளையும் நீங்களே எழுதியிருந்தால், அது சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே. அதையே நண்பர் ஒருவர் உங்களைக் கேட்காமல் எழுதியிருந்தால் இந்த விலக்கு பொருந்தாது. ஆனால் எந்த வரியை யார் வெளியிட்டார் என்ற குறிப்பு அந்த 17,500 கோடி எண்களில் எங்கும் இல்லை.