கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால்

லிஸ்ட் எழுதிய 'லா கம்பனெல்லா' என்ற பியானோ உருப்படியைக் காணொளியில் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரே கட்டையை விரல் மாற்றி விரல் படபடவென்று தட்டுகிறார். ஒவ்வொரு தட்டும் தனியாகக் கேட்கிறது. கட்டை மேலே வந்து சேர நேரம் ஏது?"

நல்ல கேள்வி. கட்டை முழுசாக மேலே வருவதே இல்லை.

1824 ஜூன் 21 அன்று லண்டன் ஆர்கைல் அரங்கில் ஹங்கேரியிலிருந்து வந்த 12 வயதுப் பையன் ஃபிரான்ஸ் லிஸ்ட் வாசித்தான். அவன் முன்னால் இருந்தது எரார் நிறுவனத்தின் புத்தம்புதிய பியானோ. அதன் உள்ளமைப்புக்குக் காப்புரிமை வாங்கி மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கண்டுபிடித்தவர் செபாஸ்தியன் எரார். லண்டனில் பதிவுசெய்தவர் அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை பியர்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கட்டை ஒரு நெம்புகோல். விரல் பக்கம் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கினால் சுத்தியல் 45 மில்லிமீட்டர் போல எழும்பும். இதுவரை பள்ளிக்கூட இயற்பியல்தான். ஆனால் சுத்தியல் கட்டையோடு பிணைந்தே இருந்தால், விரலை எடுக்கும்வரை கம்பியை அமுக்கிக்கொண்டு நிற்கும். நாதம் வராது, 'டொக்' என்ற சத்தம்தான் வரும். அதனால் கம்பிக்கு 2 மில்லிமீட்டர் இருக்கும்போதே, சுத்தியலைத் தள்ளிக்கொண்டு வரும் ஜாக் என்ற மரத்துண்டு பக்கவாட்டில் நழுவிவிடும். மிச்ச தூரம் சுத்தியல் தன் வேகத்திலேயே பறந்து, அடித்து, திரும்பி விழும். இது 1700 வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸில், பியானோவையே கண்டுபிடித்த கிறிஸ்டோஃபோரி கண்ட வழி.

மாங்காய்க்கு எறிந்த கல்லைப் போலத்தான். கையை விட்ட பிறகு அதை ஒன்றும் செய்ய முடியாது. கட்டையை அழுத்தி முடித்த பிறகும் விரலைக் குழைத்து ஆட்டி, சுரத்துக்கு உயிர் கொடுப்பதாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். சுத்தியல் எப்போதோ போய்விட்டது ஐயா!

இதில் ஒரு குறை உண்டு. நழுவிய ஜாக் மறுபடி சுத்தியலுக்கு அடியில் வந்து நின்றால்தான் அடுத்த அடி. அதற்குக் கட்டை கிட்டத்தட்ட முழுசாக மேலே வர வேண்டும். எரார் அங்கேதான் கை வைத்தார். ஜாக்குக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த இன்னொரு நெம்புகோலைச் சேர்த்தார்.

இன்றைய கிராண்ட் பியானோவில் அதைப் பார்க்கலாம். அடித்துவிட்டு விழும் சுத்தியலை ஒரு தடுப்பு பாதி வழியில் பிடித்துக்கொள்கிறது. சுத்தியல் தண்டின் அடியில் தோல் சுற்றிய சின்ன உருளை ஒன்று இருக்கிறது. விழுகிற வேகத்தில் அது இந்த இரண்டாவது நெம்புகோலை அமுக்கி ஸ்பிரிங்கை இறுக்கி வைக்கிறது. இப்போது விரலைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்துங்கள். தடுப்பு விடுகிறது, இறுகிய ஸ்பிரிங் சுத்தியலை மெல்லத் தூக்குகிறது, உருளைக்கு அடியில் ஒரு சந்து உண்டாகிறது, ஜாக் சுருக்கென்று அதற்குள் புகுந்துகொள்கிறது. கட்டை இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது. அடுத்த அடிக்கு எல்லாம் தயார். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

1840 ஜூன் 9 அன்று அதே லண்டனில், 28 வயது லிஸ்ட்டின் கச்சேரியை 'ரிசைட்டல்' என்று விளம்பரம் செய்தார்கள். ஒப்பிப்பதற்குச் சொல்கிற வார்த்தை; பியானோவில் எப்படி ஒப்பிப்பது என்று பலர் குழம்பினார்களாம். அப்புறம் ஐரோப்பாவே அவர் பின்னால் பித்துப்பிடித்து அலைந்தது. காந்த சக்தி, மின்சாரம் என்றெல்லாம் காரணம் தேடினார்கள். வயலின் மேதை பகனினி சாத்தானுக்கு ஆன்மாவை விற்றவர் என்று நம்பிய காலம் அது. லிஸ்ட்டின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வேகத்தில் ஒரு பங்கு பட்டறையில் இழைத்தது. அதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

கிராண்ட் பியானோ கையில் கிடைத்தால் ஒரு கட்டையை மிக மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒலியே வராது. ஆனால் அடியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் விரல் நுனியில் ஒரு சின்ன நெருடல் தட்டுப்படும். ஜாக் நழுவுகிறது.