கிராண்ட்ஃபாதரிங்: முன்பயன் காப்பு

என் அக்கா மகன் விளையாடும் இணைய ஆட்டம் ஒன்றில் சென்ற மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. நூறு நாள் விடாமல் உள்நுழைந்தவர்களுக்குக் கிடைத்துவந்த பொன்னிறக் கேடயம் இனி ஏழே நாளில் எல்லோருக்கும் கிடைக்கும். பழைய ஆட்டக்காரர்கள் ‘கிராண்ட்ஃபாதர்’ செய்யப்படுவார்கள். காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் அம்மாவின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி உள்நுழைந்த பிள்ளை அவன். “மாமா, இதில் தாத்தா எங்கே வந்தார்?” என்று கேட்டான்.

பொருள் எளிது. விதி மாறும்போது, பழைய விதியை நம்பி வந்தவர்களுக்கு மட்டும் பழைய பயனை விட்டுவைப்பதுதான் கிராண்ட்ஃபாதரிங். ஆனால் சொல் பிறந்த இடம் அத்தனை நல்லதல்ல.

அமெரிக்காவில் 1870-இல் வந்த 15-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. தென் மாநிலங்கள் குறுக்குவழி தேடின. லூசியானா 1898-இல் வாக்காளர்களுக்கு எழுத்தறிவுத் தேர்வும், அதற்கு மாற்றாகச் சொத்துத் தகுதியும் வைத்தது. 1867 ஜனவரி 1-க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களுடைய மகன்களுக்கும் பேரன்களுக்கும் அவற்றிலிருந்து விலக்குக் கொடுத்தது. அந்த நாளில் அங்கே கறுப்பினத்தவர் எவருக்கும் வாக்குரிமை கிடையாது. ‘கறுப்பர்’ என்ற சொல்லை எழுதாமலேயே அவர்களை வெளியே நிறுத்திய விதி அது. தாத்தாவுக்கு வாக்குரிமை இருந்ததா என்று பார்த்ததால் அதற்குக் ‘கிராண்ட்ஃபாதர்’ விதி என்று பெயர் வந்தது. ஓக்லஹோமாவின் இதே போன்ற விதியை உச்ச நீதிமன்றம் 1915-இல் செல்லாது என்றது. விதி போயிற்று, பெயர் நின்றது. மாசசூசெட்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் ஒரு தீர்ப்பில், இந்தப் பிறப்பைச் சுட்டி அச்சொல்லைப் பயன்படுத்த மறுத்தது.

ஆட்டங்களில் இதைச் செம்மையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ 2011 ஜூனில் இலவசமானபோது, முன்பு பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு அதன் அடையாளமாக ஒரு தொப்பி வந்தது. 2020-இல் ‘ராக்கெட் லீக்’ இலவசமானபோது, பழையவர்கள் முதலில் ஆடிய ஆண்டையே பட்டமாகப் பெயருக்குக் கீழே சூடிக்கொள்ள முடிந்தது. ‘ஃபோர்ட்நைட்’ தன் எலும்புக்கூடு உடையை 2018 அக்டோபரில் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, முந்தைய ஆண்டே வாங்கியிருந்தவர்களுக்கு மட்டும் ஊதா ஒளி வீசும் வடிவம் தந்தது. புதியவருக்கும் உடை உண்டு; முன்பே வந்தவர் யார் என்பதும் தெரியும். நியாயம் என்று நான் நினைப்பது இதைத்தான். பரிசை எளிதாக்குவது தவறே இல்லை. உழைத்துப் பெற்றவனின் அடையாளத்தை அழித்துவிடுவதுதான் தவறு.

தமிழில் என்ன சொல்வது? ‘பாட்டன் விதி’ என்று நேராகப் பெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. பாட்டன் சொத்து என்றால் பிறப்பால் கைக்கு வருவது. நூறு நாள் உள்நுழைந்தவனுக்கு யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை. ‘முன்னுரிமை’யும் பொருந்தாது, வரிசையில் யாரை முதலில் விடுவது என்பது வேறு பேச்சு. ‘சலுகை’ என்றால் கொடுப்பவரின் தயவு ஆகிவிடும்.

‘முன்பயன் காப்பு’ என்பதே என் தேர்வு. முன்பயன் என்றால் பழைய விதியின்படி ஏற்கெனவே அடைந்த பயன். காப்பு நமக்குப் பழகிய சொல். நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் உண்டு, திருவிழாவின் தொடக்கத்தில் காப்புக் கட்டுவதும் உண்டு. காப்புக் கட்டிய பிறகு விழா முடியும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பார்கள். காக்கும் பொருளோடு, கொடுத்த வாக்கின் கட்டும் அந்தச் சொல்லில் இருக்கிறது. வினையாக வேண்டுமானால் ‘முன்பயன் காக்கப்படும்’.

அவனுக்கு அந்த அறிவிப்பை இப்படி எழுதிக் காட்டினேன்: “பொன்னிறக் கேடயம் இனி ஏழு நாளில் கிடைக்கும். நூறு நாள் உள்நுழைந்து பெற்றவர்களுக்கு முன்பயன் காப்பு உண்டு.” படித்துவிட்டு, “அப்படியென்றால் என் கேடயத்தில் நூறு என்று போடுவார்களா?” என்றான். அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.