வருடக்கணக்கில் காத்திருக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

குழந்தைக்காக எட்டு வருடம் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கணவன் ஒரு நாட்டிலும் மனைவி ஒரு நாட்டிலுமாக விசாவுக்காகக் காத்திருப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "பொறுமையா இரு" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். பொறுமை ஒரு பிறவிக் குணம், சிலருக்கு வாய்க்கும், சிலருக்கு வாய்க்காது என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். மூளையைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கப் படிக்க அந்த நம்பிக்கை கரைந்துவிட்டது.

டோபமைன் என்ற மூளை ரசாயனத்திலிருந்து தொடங்குவோம். அதை 'இன்பம் தரும் ரசாயனம்' என்று எழுதி எழுதியே பழக்கிவிட்டார்கள். ஆனால் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் கண்டது வேறு. குரங்குக்கு எதிர்பாராமல் கொஞ்சம் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நரம்பணுக்கள் துள்ளுகின்றன. விளக்கு எரிந்தால் சற்று நேரத்தில் சாறு வரும் என்று அது பழகிக்கொண்ட பிறகு, துள்ளல் விளக்குக்கு மாறிவிடுகிறது. சாறு வரும்போது பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால், அது வந்திருக்க வேண்டிய அதே நொடியில் நரம்பணுக்களின் செயல்பாடு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்குகிறது.

அதாவது இந்த நரம்பணுக்கள் கணக்குப் பார்க்கின்றன. எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்ற கணக்கு. 1997-இல் ஷுல்ட்ஸும் பீட்டர் டயன், ரீட் மாண்டேகு ஆகியோரும் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள்.

நீண்ட காத்திருப்பின் வலியை இதை வைத்துக் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'இந்த மாதம் நடந்துவிடும்' என்று நம்பி, நடக்காமல் போகும் ஒவ்வொரு முறையும் ஓர் இறக்கம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நிகழவில்லை. மூளையின் கணக்கிலோ அது ஓர் இழப்பு. பல வருடம் காத்திருப்பவர் களைத்துப்போகிறார் என்றால், அவர் அத்தனை முறை இழந்திருக்கிறார்.

அப்படியானால் ஏன் விட்டுவிடாமல் இருக்கிறோம்? 2003-இல் ஷுல்ட்ஸின் குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு இங்கே உதவும். சாறு வருமா வராதா என்பது சரிபாதி வாய்ப்பாக இருந்தபோது, விளக்குக்கும் சாறுக்கும் இடைப்பட்ட நேரத்தில் டோபமைன் நரம்பணுக்களின் செயல்பாடு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. நிச்சயம் வரும் என்றாலும், நிச்சயம் வராது என்றாலும் இந்த ஏற்றம் இல்லை. 'கிடைக்கலாம்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு நம்மை இத்தனை காலம் கட்டிப்போடும் பலம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதில் ஒரு தடயம் இருக்கிறது.

இலக்கு நெருங்கும்போதும் இதுபோல ஓர் ஏற்றம் உண்டு. எலிகள் உணவு இருக்கும் முனையை நெருங்க நெருங்க வேகமாக ஓடுகின்றன என்று உளவியலாளர் கிளார்க் ஹல் 1930-களிலேயே எழுதியிருந்தார். 2013-இல் நரம்பியலாளர் ஆன் கிரேபியலின் ஆய்வுக்குழு, சிக்கல் பாதையில் நடக்கும் எலிகளின் மூளையில் டோபமைனை அளந்து பார்த்தபோது, இலக்கை நெருங்கும்தோறும் அதன் அளவு கூடிக்கொண்டே போவது தெரிந்தது. பதில் வராத ஒரு வருடத்தைவிட, 'உங்கள் கோப்பு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது' என்ற ஒரு வரிச் செய்தி அத்தனை தெம்பு தருவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கிறேன். காத்திருப்பவருக்குத் தகவல் சொல்லுங்கள். வரிசையில் எத்தனையாவது இடம் என்றாவது சொல்லுங்கள். அது வெறும் மரியாதை சார்ந்த விஷயம் அல்ல.

இந்தச் சோதனைகளெல்லாம் நொடிக்கணக்கில் நடப்பவை. எலி பத்து வருடம் காத்திருப்பதில்லை. மனிதர்களுக்கு இதற்கென்று கூடுதலாக ஒரு வசதி இருக்கிறது: இன்னும் வராத ஒரு நாளை மனத்துக்குள் வாழ்ந்து பார்க்கலாம். நினைவுகளைக் கட்டமைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியே எதிர்காலக் காட்சிகளையும் கட்டித்தருகிறது. அது பழுதானவர்களுக்குக் கடந்ததை நினைவுகூர்வது மட்டுமல்ல, நாளையைத் தெளிவாகக் கற்பனை செய்வதும் சிரமம். 2010-இல் யான் பீட்டர்ஸும் கிறிஸ்டியன் பியூஷெலும் செய்த ஆய்வில், 'இப்போதே கொஞ்சம் பணமா, பிறகு அதிகமா' என்று கேட்கும்போது, அந்தப் பிற்காலத்தில் பங்கேற்பாளர்கள் திட்டமிட்டிருந்த ஒரு நிகழ்வையும் சேர்த்து நினைவூட்டினார்கள். அப்போது பங்கேற்பாளர்கள் காத்திருக்கும் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். பிறக்காத குழந்தைக்குப் பெயர் யோசிப்பதை வீண்கனவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கனவில்தான் காத்திருக்கும் பலமே இருக்கிறது.

அப்புறம் செரோடோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனம். ஜப்பானின் ஒகினாவாவில் கென்ஜி டோயா என்ற ஆய்வாளரின் குழு, எலிகளின் மூளைத்தண்டில் செரோடோனின் சுரக்கும் நரம்பணுக்களை ஒளியால் தூண்டிப் பார்த்தது. உணவுக்காக அவை காத்திருக்கும் நேரம் நீண்டது. பொறுமையைக் கூட்டும் பொத்தான் கிடைத்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் 2018-இல் வந்த அடுத்த ஆய்வுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உணவு கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதமாக இருந்தபோது அந்தத் தூண்டல் வேலை செய்தது. வாய்ப்பு 50 சதவீதமாகவோ 25 சதவீதமாகவோ இருந்தபோது, அதே தூண்டலால் எந்தப் பலனும் இல்லை. வரும் என்ற நம்பிக்கை வலுவாக இல்லாத இடத்தில் செரோடோனினாலும் பொறுமையை உண்டாக்க முடியவில்லை.

குழந்தைகளிடமும் இதையே பார்க்கிறோம். உளவியலாளர் வால்டர் மிஷெலின் மார்ஷ்மெல்லோ சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும்: இப்போது ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகளுக்கு மனஉறுதி அதிகம், அவர்கள் பின்னாளில் நன்றாக வருவார்கள் என்று அதை விளக்கினார்கள். 2013-இல் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளர் அதில் ஒரு சிறு மாற்றம் செய்தார். சோதனைக்கு முன்பு ஒரு பாதிக் குழந்தைகளுக்கு படம் வரைய நல்ல பொருட்கள் தருவதாகச் சொல்லிச் சொன்னபடியே தந்தார்கள். மறுபாதிக்குச் சொல்லிவிட்டுத் தரவில்லை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாற்றப்பட்டவை 3 நிமிடம். அந்தக் குழந்தைகளைப் பொறுமையற்றவை என்று எப்படிச் சொல்வது? வராது என்று தெரிந்துகொண்டு, கையில் இருப்பதை எடுத்துக்கொண்டன. சரியான முடிவுதான் அது.

கடைசியில் காத்திருந்தது கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் வெளியே சொல்லத் தயங்கும் ஓர் அனுபவம் அப்போது நேர்கிறது: இவ்வளவுதானா என்ற வெறுமை. கென்ட் பெர்ரிட்ஜ் என்ற ஆய்வாளர் 1980-களின் இறுதியிலிருந்து காட்டிவருவது, வேண்டுவதும் ரசிப்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பதை. டோபமைனைக் கிட்டத்தட்ட முழுவதும் இழந்த எலிகள் உணவைத் தேடிப் போவதில்லை, ஊட்டாவிட்டால் பட்டினி கிடந்து சாகும். ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் முன்போலவே சப்புக்கொட்டும். ரசிப்பை வலுப்படுத்தும் இடங்களோ மிகச் சிறியவை, எலியின் மூளையில் ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர்.

வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது வேண்டும் என்ற ஏற்பாடு. கிடைத்த அன்று அதற்கு வேலை முடிந்துவிடுகிறது. முழுவதும் எதிர்பார்த்த ஒன்று வரும்போது அந்த நரம்பணுக்கள் துள்ளுவதில்லை என்பதை ஷுல்ட்ஸின் குரங்குகளிடம் பார்த்தோம். அதனால் அன்றைக்கு மனம் வெறிச்சென்று இருந்தால், அது நன்றிகெட்டதனமும் அல்ல, ஆசை பொய் என்பதும் அல்ல. ரசிக்கும் அந்தச் சின்ன இடம் அப்போதும் அப்படியேதான் இருக்கிறது.