பரணில் சும்மா கிடந்த கண்டன்சர் ஏன் வெடித்தது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அப்பா 1984-ல் வாங்கிய ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர். அவர் போன பிறகு துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டோம். பதினாறு வருடம் கழித்து இறக்கி, தூசி தட்டி, பிளக்கைச் செருகினேன். ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று ஒரே முழக்கம். பத்து நிமிடத்தில் பட்டென்று சத்தம், புகை, கெட்ட வாடை. ஓடுகிற வண்டி தேயும், சரி. துணி சுற்றி வைத்த பொருள் எப்படிக் கெடும்?"

சும்மா கிடந்ததால்தான் கெட்டது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கண்டன்சர் என்ற பாகம் ஓடும்போது தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும், நிறுத்தி வைத்தால் நோய்ப்படும்.

முதலில் அந்த 'உம்ம்ம்'. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் குறைக்கிறது, நான்கு டையோடுகள் ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அப்போதும் அது சீராக இருக்காது. நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரண்டு பாதிகளையும் பயன்படுத்துவதால் 100. இந்த மேடுபள்ளத்தைச் சமன்செய்ய, மாடித் தொட்டி மாதிரி மின்னூட்டத்தைத் தேக்கி வைத்து விடுவதுதான் பெரிய கண்டன்சரின் வேலை. தொட்டி சுருங்கிவிட்டால் ஏற்ற இறக்கம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகிறது.

இதைக் காதாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வால்யூமை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் முழக்கம் அப்படியே இருந்தால், இந்தக் கண்டன்சர் இருக்கும் மின்வழங்கி (பவர் சப்ளை) மேல் சந்தேகம். வால்யூமோடு கூடிக் குறைந்தால், பழுது அதற்கு முன்னால்: உள்ளே வரும் ஒயர், கழன்ற எர்த் இணைப்பு. கைபேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு 50, 100 என்று மாற்றி ஒப்பிட்டாலும் தெரியும். கண்டன்சர் முழக்கம் 100; எர்த் கோளாறு பெரும்பாலும் 50.

இனி என் மனதுக்குப் பிடித்த பகுதி. செத்துப்போன ஒரு கண்டன்சரைச் சும்மா தூக்கி எறிய எனக்கு மனம் வராது. மின்னூட்டம் முழுக்க இறங்கியதை மீட்டரில் பார்த்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு வெட்டிப் பார்ப்பேன். அலுமினியக் குப்பிக்குள் ஜிகினாத் தாள் போன்ற இரண்டு நீள நாடாக்கள், நடுவே காகிதம், எல்லாம் பாய் மாதிரி சுருட்டி வைத்திருக்கும். ஒரு நாடா பளபளப்பு குறைந்து சாம்பல் நிறத்தில் இருக்கும்; அதுதான் நேர்முனை. நல்ல கண்டன்சரில் காகிதம் ஈரமாக விரலில் பிசுபிசுக்கும். அந்த ஈரம் மின்பகுளி. பழையதைப் பிரித்தால் காகிதம் பழைய பஞ்சாங்கம் போல மொரமொரவென்று வரும்.

பார்ப்பவர்கள் அந்தக் காகிதம்தான் மின்காப்பு என்று நினைப்பார்கள். இல்லை. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் வெறும் திரி. உண்மையான மின்காப்பு அந்தச் சாம்பல் நாடாவின் மேல் வளர்த்த அலுமினியம் ஆக்சைடு படலம். ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1.3 நானோமீட்டர் என்ற கணக்கில் அது வளரும். 50 வோல்ட் கண்டன்சருக்கு, பாதுகாப்புக்காக அதைவிடக் கூடுதல் வோல்ட்டில் வளர்ப்பதால், படலத்தின் கனம் சுமார் 90 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் கனத்துக்குள் பல நூறு படலங்களை அடுக்கலாம். இந்த மெல்லிசில் 35 வோல்ட் நிற்கிறது என்றால், சென்டிமீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டுக்கும் மேல். காற்று அதில் நூறில் ஒரு பங்குக்கே பொறி தட்டிவிடும். இவ்வளவு மெல்லிய படலம், அதோடு அமிலத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கிப் பெருக்கிய பரப்பு, இரண்டும் சேர்ந்ததால்தான் 4,700 மைக்ரோஃபாரட் கொள்ளளவு ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

இத்தனை மெல்லிய படலத்தில் ஓட்டை விழாமல் இருக்குமா? விழும். விழுந்த இடத்தில் மின்னோட்டம் கசியும். கசிகிற மின்னோட்டம் மின்பகுளியில் உள்ள நீரைப் பிரிக்கும். ஆக்சிஜன் நேர்முனைக்குத்தான் வரும், அதுவும் மின்னோட்டம் பாய்கிற இடத்துக்கு, அதாவது ஓட்டைக்கே. அங்கே திறந்து கிடக்கும் அலுமினியத்தோடு சேர்ந்து புது ஆக்சைடு ஆகும். படலம் போதுமான கனத்துக்கு வந்ததும் மின்னோட்டம் தானாக நின்றுவிடும். மேற்பார்வை இல்லை, கூலி இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு பூச வேண்டும் என்பதை அந்தக் கசிவே அளந்துகொள்கிறது. நாம் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே இந்தக் கொத்தனார் வேலை ஓயாமல் நடக்கிறது.

பரணில் வோல்ட் ஏது? மின்பகுளி படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருக்கும், பூசுவதற்கு ஆள் இல்லை. பதினாறு வருடம் கழித்து ஒரே நொடியில் முழு வோல்ட்டையும் கொடுத்தால் ஓட்டைகள் எல்லாம் ஒன்றாகக் கசிகின்றன. பழுது பார்க்கத்தான் முயலும், ஆனால் சூடு முந்திக்கொள்ளும். நீர் ஆவியாகிறது, எதிர்முனையில் ஹைட்ரஜன் சேர்கிறது, அழுத்தம் ஏறுகிறது. குப்பியின் தலையில் கூட்டல் குறி போலக் கீறி வைத்திருப்பது அதற்காகத்தான்: வெடிப்பதற்குப் பதில் அங்கே பிளந்துகொள்ளட்டும் என்று.

இது ஒரு நோய். இன்னொன்று உலர்வது. அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு வழியே ஈரம் மெல்ல வெளியேறுகிறது. பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் தொழிலின் வாய்பாடு. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று விற்கப்படுவது 45 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். தினம் நான்கு மணி நேரம் பாடினால் 20 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். ஆம்பிளிஃபயர் மேல் டிவியை ஏற்றி வைத்து, காற்றுத் துளைகளைத் துணி போட்டு மூடுபவர்கள் இதைக் கவனிக்கலாம். உலர்ந்ததற்கு மருந்து கிடையாது, மாற்ற வேண்டியதுதான். படலம் மெலிந்ததற்கு மருந்து உண்டு: பட்டினி கிடந்தவருக்குக் கஞ்சி கொடுப்பது போல மெதுவாக வோல்ட் கொடுப்பது.

போன வருடம் ஒரு வால்வு ரேடியோவின் 450 வோல்ட் கண்டன்சரைக் கழற்றி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து, 50 வோல்ட் டி.சி.யில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினேன். 300-ஐ எட்டியபோது ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையே 38 வோல்ட், அதாவது 3.8 மில்லி ஆம்பியர் கசிவு. நேரம் ஆக ஆக 30, 22, 15 என்று இறங்கியது. இராத்திரி படுக்கும்போது 2. படலம் வளர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது, மீட்டரில் பார்க்கலாம். (வால்வு ரேடியோவில் கை வைப்பவர்கள் கவனம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைக் குடிக்கும் அளவு மின்னூட்டம் நிற்கும். சில ஏ.சி./டி.சி. மாடல்களில் சேசிஸே (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) நேரடியாக மெயின் லைனோடு இணைந்திருக்கும். பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.)

அவ்வளவு வசதி இல்லையென்றால், எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் லேம்ப் போதும்: பெட்டிக்குப் போகும் மின்சாரம் ஒரு பல்பைக் கடந்தே போகும்படி தொடரில் இணைப்பது. 60 வாட் குண்டு பல்பு, எல்.இ.டி. அல்ல. ஆம்பிளிஃபயரைப் போட்டதும் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே ஷார்ட். இது கண்டன்சரைக் குணமாக்காது, விபத்தைத் தடுக்கும்.

இதெல்லாம் பழைய வேதியியல். போலந்துக்காரரான மின்பொறியாளர் கரோல் போலாக் 1896-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த விஷயம். இதைப் புரிந்துகொள்ள ஆள் இல்லை. தங்க முலாம் பூசிய பியூஸுக்கும், பாம்பு கனத்துக்கு இருக்கும் பவர் கேபிளுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் கம்பியில் ஓடி வந்த மின்சாரம் கடைசி ஒன்றரை மீட்டரில் தூய்மை அடைகிறதாம்! அந்தப் பணத்தில் பக்கத்து ஐ.டி.ஐ.க்கு நாலு நல்ல மீட்டர் வாங்கிக் கொடுக்கலாம். இதற்கு நேர் எதிரான மூடநம்பிக்கையும் உண்டு: பெட்டியில் உள்ள கண்டன்சர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது. ஃபிலிம், செராமிக் வகைகளில் உலர்வதற்கு ஈரமே கிடையாது, அவற்றை விட்டுவிடலாம்.

கும்பகோணத்து அன்பர் பெரிய கண்டன்சர்கள் இரண்டையும் மாற்றிவிட்டார். 105 டிகிரி வகை, பழைய அதே மைக்ரோஃபாரட், வோல்ட் மட்டும் ஒரு படி கூட. நேர்முனை எதிர்முனை மாறாமல் இருக்கக் கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொண்டாராம். முழக்கம் போய்விட்டது. இப்போது வால்யூமைத் திருகும்போது வலது பக்கம் மட்டும் கரகரவென்கிறதாம். அது கண்டன்சர் இல்லை சார், பொட்டன்ஷியோமீட்டரின் கரித்தடத்தில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, பிளக்கைப் போடாமல் இருபது முப்பது தடவை திருகிவிட்டுச் சொல்லுங்கள்.