தொய்ந்த மச்சு உத்திரத்தை நிமிர்த்துவது எப்படி?

தக்கலை, குலசேகரம், செங்கோட்டை பக்கம் பழைய ஓட்டு வீடுகளில் பலகை மச்சு, அதாவது ஓட்டுக்குக் கீழே பலகை பாவிய மேல்தளம், இன்னும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்கள் இவை. இங்கே வீடு என்றால் பாதி ஆசாரி வேலைதான். அந்த மச்சில் நடக்கும்போது பலகை அதிர்ந்தாலோ, நடுவில் பள்ளம் தெரிந்தாலோ, பழைய உத்திரத்தின் பக்கவாட்டில் புதுக்கட்டை ஒன்றைச் சேர்த்து முடுக்குவது வழக்கம். நல்ல வழிதான். ஆனால் பல வீடுகளில் அந்தப் புதுக்கட்டை பாரமே தாங்காமல் சும்மா நிற்கிறது.

உத்திரத்தின் மேல் பாரம் ஏறினால் மேல்பகுதி நெருக்கப்படும், கீழ்பகுதி இழுபடும். நடு உயரத்தில் இரண்டும் மிகக் குறைவு. அதனால் விறைப்பை, அதாவது வளையாமல் நிற்கும் தன்மையை, தீர்மானிப்பது முக்கியமாகக் கட்டையின் உயரம். அகலத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு 2 மடங்கு. உயரத்தை இரட்டிப்பாக்கினால் 8 மடங்கு. ஒரு மர ஸ்கேலைப் படுக்கவைத்தும் செங்குத்தாகப் பிடித்தும் அழுத்திப் பாருங்கள், கையிலேயே தெரியும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 6 அங்குல உயரக் கட்டையில் கரையான் அடியிலிருந்து ஓர் அங்குலத்தைத் தின்றுவிட்டால், போவது ஆறில் ஒரு பங்கு மரம்தான். ஆனால் விறைப்பில் சுமார் 42 சதவீதம் போய்விடும். ஒயர் கொண்டுபோக உத்திரத்தின் அடிப்பக்கத்தை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அவசியம் என்றால் நடு உயரத்தில் சின்னத் துளை போடலாம்.

கரையானும் ஈரமும் இல்லாமலே தொய்வு வரும். பித்தளைப் பாத்திரங்களும் இரும்புப் பெட்டியும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் மரம் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். பாரத்தை எடுத்தால் வளைவில் ஒரு பகுதிதான் திரும்பும். மீதி அப்படியே நிலைத்துவிடும்.

இனி புதுக்கட்டைக்கு வருவோம். தொய்ந்த நிலையிலேயே அதைச் சேர்த்து முடுக்கினால், ஏற்கெனவே உள்ள பாரம் முழுவதும் பழைய கட்டையிலேயே இருக்கும். இனிமேல் ஏறும் பாரத்தில் மட்டும்தான் புதியது பங்கு வாங்கும். எனவே முதலில் மச்சைக் காலி செய்து, கீழே தடித்த பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கியும் முட்டுக்கட்டையும் வைத்து உத்திரத்தைத் தூக்க வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். அவசரப்பட்டால் சுவர்ப்பூச்சு வெடிக்கும், பழைய மரம் கீறும். நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டே போங்கள். முழுக்க ரசமட்டத்துக்குக் கொண்டுவர முயல வேண்டாம். நிலைத்த வளைவு அவ்வளவு எளிதில் வராது.

தூக்கிய பிறகு, அதே உயரமுள்ள, நன்றாகக் காய்ந்த அயனி மரமோ தேக்கோ சேர்க்கலாம். பச்சை மரம் சுருங்கும், அதிகமாகத் தொய்யும். முடிந்தால் அது இரண்டு சுவரிலும் உட்காரும் முழு நீளக் கட்டையாக இருக்கட்டும். துண்டுக்கட்டை என்றால் பாரம் முழுவதும் போல்ட்டு வழியாகத்தான் போக வேண்டும். அதனால் பழுதைத் தாண்டி இருபுறமும் நல்ல மரத்தில் நீளமாகப் பிடித்திருக்க வேண்டும். போல்ட்டுகளை மேல்விளிம்பு, கீழ்விளிம்பு ஓரமாக இல்லாமல், மாற்றி மாற்றி வாஷரோடு முடுக்குங்கள். அப்புறம் ஜாக்கியை மெதுவாக இறக்கினால்தான் பாரம் புதுக்கட்டைக்கு மாறும்.

நடுவில் குறுக்கே ஒரு விட்டமும் தூணும் வைக்க இடமிருந்தால் அதைவிடப் பலன் வேறில்லை. பரவலான பாரத்தில் தொய்வு நீளத்தின் நான்காம் மடியில் ஏறும். நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்கு.

உத்திரத்தில் குறுக்கே விரிசல் இருந்தாலோ, சுவர் வெளியே தள்ளியிருந்தாலோ கட்டடப் பொறியாளர் பார்க்காமல் ஜாக்கியைத் தொட வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன் சுவருக்குள் புதைந்த முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். குமரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஓடு ஒழுகினால் அந்த முனை காயவே நேரம் கிடைக்காது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை அரிக்காது. எனவே முதலில் ஒழுகும் ஓடுகளை மாற்றுங்கள். புதுக்கட்டையின் முனையைச் சாந்தால் இறுக மூடாமல், சுற்றிலும் காற்றுப் போக விரல் அகலம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.