கிணற்று நீரும் கிடை அச்சும்

வேளச்சேரி வாசகி ஒருவர், தம் அடுக்ககத்துக் கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று 2024இல் குறித்துவந்த கணக்கை எக்செலில் கோட்டு வரைபடமாக்கி அனுப்பியிருக்கிறார். ஜூனில் வாரந்தோறும் அளந்தவர், இடையில் நான்கு மாதம் விட்டு, அக்டோபர் 15 முதல் மீண்டும் அளந்திருக்கிறார். தேதிகளுக்கு நடுவே இவ்வளவு தூரம் இருந்தும் புள்ளிகள் ஏன் சம இடைவெளியில் விழுகின்றன என்பது அவர் கேள்வி.

ஜூன் 17 அன்று 6 அடியாக இருந்த நீர் அக்டோபர் 15இல் 18 அடியாகவும், அதற்கு ஒரு வாரம் கழித்து இருபத்தொன்றரை அடியாகவும் உயர்ந்திருக்கிறது. படத்தில் முதல் ஏற்றம் மலைபோல் தெரிகிறது, இரண்டாவது மேடுபோல் அடங்கிவிடுகிறது. ஆனால் முதல் 12 அடி ஏற 120 நாள் ஆயிற்று, அதாவது நாளுக்கு 0.1 அடி, அடுத்த மூன்றரை அடி ஏழே நாளில், நாளுக்கு 0.5 அடி வீதம் ஏறியிருக்கிறது. அக்டோபர் நடுவில் கொட்டிய மழையில் நீர் ஏறிய வேகம் ஐந்து மடங்கு என்ற செய்தியையே அந்தக் கிடை அச்சு தலைகீழாக்கிவிட்டது.

கோட்டு வரைபடத்தின் கிடை அச்சுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று ரேஷன் கடை வரிசையைப் போன்றது. வந்தவர் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தாலும் அவருக்கு அடுத்த இடம்தான். மற்றொன்று ஜி.எஸ்.டி. சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்களைப் போன்றது. எண்ணுக்கேற்ற தொலைவில்தான் கல் நிற்கும். முன்னது வகை அச்சு, பின்னது தேதி அச்சு.

இரண்டில் எது அமையும் என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. எக்செலுக்குள் தேதி என்று தனியாக ஒன்றில்லை, எண் மட்டுமே உண்டு. 1900 ஜனவரி 1ஐ 1 என்று கொண்டு நாள்களை எண்ணிக்கொண்டே வந்தால் 2024 ஜூன் 17க்கு 45460, அக்டோபர் 15க்கு 45580 என்று வரும். கழித்தால் அதே 120. நாம் காணும் நாளும் மாதமும் அந்த எண்ணுக்குப் போர்த்திய சட்டைதான். நண்பகல் 12 மணி அரை நாள் என்பதால் அது 0.5 ஆகிறது. இந்தக் கணக்கில் 1900 பிப்ரவரி 29 என்ற, உலகில் இல்லாத ஒரு நாளும் இருக்கிறது. எக்செலுக்கு முன்பே வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருளின் பிழையை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செல் அப்படியே ஏற்றுக்கொண்டது.

வாசகியின் கணினியில் மாதம் முதலில் வரும் அமெரிக்க முறை அமைந்திருந்தது. அவர் 17/06/2024 என்று இட்டபோது, பதினேழாவது மாதம் இல்லாததால் எக்செல் அதை எண்ணாக்காமல் வெறும் உரையாக விட்டுவிட்டது. தேதிகள் எல்லாம் எண்ணாக இருந்தால்தான் எக்செல் தானே தேதி அச்சை அமைக்கும், உரை கலந்ததால் வகை அச்சு வந்தது. இதைவிட ஆபத்தானது 10/06/2024. அது ஓசையின்றி அக்டோபர் 6 ஆகிவிட்டது. உரை, செல் எனப்படும் கட்டத்தின் இடப்புறம் ஒட்டியிருக்கும், எண் வலப்புறம் ஒட்டியிருக்கும் என்பதைக் கொண்டு முன்னதைக் கண்டுபிடிக்கலாம். பின்னதை அளவுக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுத்தான் திருத்த முடியும். இதனாலேயே பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் இருப்பைப் போன்ற பொதுத் தரவுகள் அனைத்தும், தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 8601 சொல்வதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே வெளியிடப்பட வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். மக்கள் பணத்தில் அளந்த எண்கள் மாதம் மாறிப் போகக் கூடாது.

உரையாக நிற்கும் தேதிகளைத் தேர்ந்தெடுத்து, 'டேட்டா' பட்டியில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' சென்று, மூன்றாம் படியில் 'டேட்' என்பதற்கு நாள்-மாதம்-ஆண்டு வரிசையைக் கொடுத்தால் அவை எண்ணாகும். பிறகு அச்சின்மேல் வலச்சொடுக்கி, 'ஃபார்மட் ஆக்சிஸ்' என்பதில் 'டேட் ஆக்சிஸ்' என்பதைத் தேர்ந்தால் புள்ளிகள் தத்தம் இடத்துக்குப் போகும்.

ஒரே நாளில் பல முறை அளப்பவருக்கு இது போதாது. தேதி அச்சின் மிகச் சிறிய அலகு ஒரு நாள் என்பதால், காலை அளவும் மாலை அளவும் ஒரே செங்குத்துக் கோட்டில் அடுக்கிவிடும். அவர்கள் 'ஸ்கேட்டர்' வரைபடத்தை எடுக்க வேண்டும். அது பின்னங்களையும் மதிக்கும். ஆனால் தேதி நெடுவரிசையில் ஓர் உரை கலந்திருந்தாலும் அதுவும் தேதிகளைக் கைவிட்டு 1, 2, 3 என்று புள்ளிகளை வைத்துவிடும். அச்சில் இந்த எண்கள் தெரிந்தால், இடப்புறம் ஒட்டியிருக்கும் அந்தச் செல்லைத் தேட வேண்டும்.